நாளைக்கண்ணும் ஒரு முறம் வெங்காயமும்

இந்த நாட்டில் ஓடுகிற எந்த லாரியின் பின்பலகையிலாவது கண் இல்லாத பசுவைப் பார்த்தீர்களானால், அது எங்கள் நாளைக்கண்ணு வரைந்தது. சத்தியம் செய்து சொல்வேன். அவனைப் போல அழகாகப் பசு வரையவும் ஆளில்லை, அவனைப் போல அதை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு எதிரே முப்பது வருடம் மெஸ் நடத்தியவள் நான். படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுதவே நாலு நாள் ஆயிற்று. ஆனால் என் சாம்பாரைக் குறை சொன்னவன் அந்த ரோட்டில் ஒருவனும் கிடையாது.

நாளைக்கண்ணு அந்தப் பட்டறையின் பெயிண்டர். நாற்பது வயதிருக்கும். படத்துக்குக் கண் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்பது அவன் சட்டம். வால் நுனி மயிர் வரை முடிந்த பிறகுதான் கண். நல்ல சட்டம்தான். சங்கடம் என்னவென்றால், அவன் எதையும் கடைசி வரை முடித்ததில்லை. மூன்று கால் போட்டிருப்பான், பக்கத்து வண்டிக்குப் புது டெயில் லைட் மாட்டுவது தெரியும், எழுந்து போய்விடுவான். கேட்டால், "கண்ணு நாளைக்குங்க" என்பான். பெயர் வந்தது அப்படித்தான்.

எட்டு மணி வேலைக்கு ஒன்பதுக்கு வருவான். வந்ததும், பட்டறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று முதலாளியிடம் சண்டை பிடிப்பான். பெயிண்ட் டப்பாக்களை வெள்ளையிலிருந்து கறுப்பு வரை வரிசையாக அடுக்கியிருப்பான். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. ஆனால் ஒரு டப்பாவையும் மூட மாட்டான். எல்லாம் வரிசை குலையாமல் காய்ந்து கிடக்கும்.

என் மெஸ்ஸில் அவனுக்கு நாலு இட்லி. ஒன்றை ஒன்று தொடக் கூடாது. சட்னி தனிக் கிண்ணத்தில். சுவரோரத்து ஸ்டூல். ஒரு நாள் அதில் யாரோ ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க எந்திரிக்க எத்தன நேரமாகுமுங்க?"

"இப்பத்தானப்பா உக்காந்தேன். அங்க காலியாத்தான கெடக்குது?"

"அது எம்பட எடமில்லீங்க."

டிரைவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மாறிவிட்டார். இவன் உட்கார்ந்தான். இரண்டு இட்லி தின்றான். என்னவோ ஞாபகம் வந்து எழுந்து போனான். அரை மணி கழித்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் சாப்புட்டனுங்களா?"

"பாதி சாப்புட்டே சாமி."

"மீதி எங்கீங்க?"

"நாய்க்குப் போட்டாச்சு."

ஒரே உடம்புக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள், ஒருவன் எதையும் இடம் மாற விடாதவன், இன்னொருவன் கால் நிலைக்காதவன் என்று அன்றைக்கே சொன்னேன். மெஸ்காரி பேச்சை யார் கேட்டார்கள்.

ஒரு நாள் கரண்ட் போய், சமையற்கட்டில் புழுக்கம் தாங்கவில்லை. சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு பட்டறை நிழலில் போய் உட்கார்ந்து உரித்தேன். அவனோடு நான் பேசவில்லை, அவனும் பேசவில்லை. உரித்து முடித்து நிமிர்ந்தால், பசுவுக்கு நாலு கால், மடி, மணி, கண் எல்லாம் இருக்கிறது. முதலாளி வந்து கண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டி, கண் அழிந்தது. மறுபடி வைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அப்போதுதான் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் புது வண்டி வந்தது. பசுவும் கன்றும் கேட்டார். வெள்ளிக்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம், அதற்குள் பூஜை போட்டு வண்டியை எடுக்க வேண்டும். முதலாளி அவனைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கெழம கண்ணில்லாம நின்னுதுன்னா, சனிக்கெழம நீ வர வேண்டாம்."

ஏற்கெனவே நாலு பட்டறை அவனை அனுப்பிவிட்டது. இதுவும் போனால் இந்த ஊரில் அவனுக்குப் போக்கிடம் இல்லை. அவன் டப்பாக்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தான். நான் வெங்காய மூட்டை வாங்கி, முறத்தோடு பட்டறை நிழலுக்குப் போனேன்.

அந்த வாரம் என் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களிடம் இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வெங்காயச் சாம்பார், வெங்காயச் சட்னி, வெங்காயப் பொங்கல்கூடச் செய்தேன். வியாழன் சாயங்காலம் பசுவும் கன்றும் வால் நுனி வரை தயார். கண் மட்டும் காலையில்.

வெள்ளிக்கிழமை அதிசயமாக ஏழேகாலுக்கே வந்துவிட்டான். பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தான். அந்த நேரம் பார்த்து, திருச்செங்கோட்டுக்காரரின் மச்சான் ஆயிரம் வாலாவைப் பற்றவைத்தார். மேளமும் சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். என் சமையற்கட்டில், அரிசி மூட்டைக்குப் பின்னால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். கன்னமெல்லாம் கறுப்புப் பெயிண்ட்.

"கண்ணு நாளைக்குங்க்கா" என்றான். சிரிப்பு வரவில்லை எனக்கு.

நான் போய் வண்டி முன்னால் நின்றேன். "மேளத்தக் கீழ வையுங்க. ஆரும் பேசக் கூடாது."

"நல்ல நேரம் போகுதுங்கம்மா" என்றார் திருச்செங்கோட்டுக்காரர்.

"கண்ணில்லாத மாட்ட ஓட்டீட்டுப் போறதுக்கு எந்த நேரமா இருந்தா என்னங்க? உக்காருங்க. கைக்கு வேல தாரேன்."

ஆளுக்கு ஒரு கை வெங்காயம் கொடுத்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு திருச்செங்கோட்டுக்காரர் உரித்தார். மச்சான் உரித்தார். மேளக்காரர்கள் உரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துத் துடைத்து உரித்தார். தோல் உரிகிற சத்தம் தவிர ஒரு சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் நாளைக்கண்ணு மெல்ல எட்டிப் பார்த்தான். வந்தான். பசுவுக்குக் கண் வைத்தான். கன்றைப் பார்த்து யோசித்தான்.

"இதுக்கு நாளைக்கு..."

திருச்செங்கோட்டுக்காரர் இன்னொரு கை வெங்காயம் அள்ளினார். கன்றுக்கும் கண் வந்தது. மணி எட்டு ஐம்பது.

அதற்குப் பிறகு அவனுடைய அக்கா மகள் அவனைச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். வந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"அக்கா, எனக்கு ஆட்டிசமும் இருக்குதாமுங்க, ஏ.டி.எச்.டி.யும் இருக்குதாமுங்க. ஒண்ணு எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணுங்குதாமா. இன்னொண்ணு ஒரு எடத்துல இருக்க உடாதாமா. ஒண்ண ஒண்ணு மறைச்சுக்குமாமுங்க. முந்தியெல்லாம் ரெண்டும் ஒருத்தருக்குச் சேந்து வராதுன்னு நெனச்சாங்களாமுங்க."

"என்னயக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

"பக்கத்துல ஒருத்தரு அவங்க வேலையப் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லதுங்களாமா."

"அது டாக்டரு சொன்னதா?"

"இல்லீங்க. நாந்தான் டாக்டருகிட்டச் சொன்னனுங்க."

இப்போது மெஸ்ஸை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி, வேலை மிச்சம் என்று உரித்த வெங்காயமாகவே வாங்குகிறாள். நான் மட்டும் தனியாக, தோலோடு இரண்டு கிலோ வாங்கிக்கொள்கிறேன்.