கரடிக்கு ஆள் தேவை

கரடியின் வயிற்றுக்குள் போன் அடித்தது.

வேஷத்துக்கு ஆள் தேர்வு நடத்திக்கொண்டிருந்த மாஸ்டர் வாயில் இருந்த விசிலை எடுத்தார். "யாரு? யாரோட போன் அது?"

உடுப்பை மாட்டியபின் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் முதல் சட்டம். அதனால் கரடி தன் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அகோரப் பசி என்று அபிநயம் பிடித்துக் காட்டியது.

"பலே! சமாளிக்கத் தெரியுது," என்றார் மாஸ்டர். "ஆனா போனை வெளியில எடுத்து வச்சிட்டு வாங்க. அடுத்த தடவை அடிச்சா, கரடியே வேண்டாம்னு சொல்லிடுவேன்."

கரடி தலையை ஆட்டிவிட்டுத் திரை மறைப்பை நோக்கி ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு. கரடியின் கால் அவ்வளவு பெரிது. இரண்டு தடவை தன் காலைத் தானே மிதித்துக்கொண்டது.

உள்ளே இருந்த மனிதர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியர். வண்டி இடித்துவிட்டது, கடை எரிந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களின் மனுவில் ஓர் ஓட்டையைத் தேடிப் பிடித்து, 'ஆட்சேபணை' என்று எழுதித் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். அதனால் ஆபீஸில் அவருக்கு ஆட்சேபணையார் என்றே பெயர். எழுதி எழுதி முகமும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாணப் போட்டோவிலேயே எனக்கு ஆட்சேபணை எழுதுகிற மாதிரிதான் நிற்கிறார் என்று மனைவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போன வாரம் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார்.

"கம்பெனி ஆளைக் குறைக்கப் போகுது. யாரை அனுப்பறதுன்னு நான்தான் சொல்லணும். நமக்குச் சோறு போடுற எடம் இது. இங்க உக்காந்துகிட்டே வெளியில வேலை தேடுற துரோகி எவனாவது இருக்கான்னு தெரிஞ்சா, மொத ஆளா அவனைத்தான் அனுப்புவேன். நான் கடைசி மூச்சு வரைக்கும் இங்கதான்."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கேஷியர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆட்சேபணையாருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. சாப்பிடுகிற மாமியார் ஒன்று. யாருக்கும் தெரியாமல் இரண்டு இடத்தில் போய் வேலை கேட்டுப் பார்த்தார். ஓர் இடத்தில் காரணம் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்க முகத்தைப் பாத்தா வர்ற கஸ்டமர் திரும்பிப் போயிடுவாங்க."

அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மிருக வேஷம் போட ஆள் தேவை. முகம் வெளியில் தெரியாது. அந்த இரண்டாவது வரி தனக்காகவே எழுதியது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

காலையில் மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க."

மேனேஜர் கத்துவார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மேனேஜர், "அடடா, போங்க, போய்ப் பாருங்க. நானும் இன்னைக்கு ஹெட் ஆபீஸ் மீட்டிங் போறேன். கேஷியர் பாத்துப்பார்," என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். மனுஷனுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று ஆட்சேபணையாருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

பூங்காவில் ஆளுக்கொரு நேரம் சொல்லி வரவழைத்து, வந்தவுடன் நேராகத் திரை மறைப்புக்குள் தள்ளிவிட்டார்கள். உடுப்போடுதான் வெளியே வர வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது. முயல், வாத்து, ஆமை, யானைக்குட்டி, அவ்வளவுதான். மனுஷ முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் தனக்கு மிருகம் தெரியாது என்பது மாஸ்டரின் கட்சி.

இப்போது திரை மறைப்பில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். உடுப்புகளுக்கு அவள்தான் பொறுப்பு. முதுகில் ஜிப்பைத் திறந்து, கையை விட்டுப் போனை எடுத்துக் கொடுத்தாள். "சீக்கிரம் பேசுங்க. கரடிக்குள்ள வேர்வை புடிச்சா, அப்புறம் நான்தான் துவைக்கணும்."

போனில் கேஷியர். "சார், மாமியார் எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல. என்ன, உங்க குரல் எங்கியோ பானைக்குள்ளருந்து வருது?"

"ஜலதோஷம் சார். உங்க குரலும் அப்படித்தான் இருக்கு."

"அது... ஆஸ்பத்திரில மாஸ்க் போடச் சொல்லிட்டாங்க."

"மாஸ்க் போடுற அளவுக்கா? அப்ப ஐசியூவா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெளியே விசில் சத்தம். "ஆமா, ஐசியூ," என்று சொல்லிவிட்டார்.

"ஐயையோ! சாயங்காலம் ஸ்டாஃப் எல்லாரும் வந்து பாத்துடறோம். என் மச்சினிகூட அங்கதான் நர்ஸு."

ஆட்சேபணையாரின் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "நான் இன்னும் எந்த ஆஸ்பத்திரின்னே சொல்லலியே."

"எதுவா இருந்தா என்ன சார்? எனக்கு மச்சினிங்க நெறைய பேரு."

"டாக்டர் கூப்பிடறார்," என்று பேச்சை முடித்துப் போனைத் தையல்காரம்மா கையில் திணித்தார்.

அடுத்தது நடைப் பரீட்சை. உண்மையான கூட்டத்துக்கு நடுவில், ராட்டினத்திலிருந்து ஐஸ்கிரீம் கடை வரை நடந்து திரும்ப வேண்டும். கரடியின் வாயில் வைத்த வலைத்துணி வழியாகத்தான் உலகம் தெரிந்தது. அதுவும் நடக்கும்போது பெரும்பாலும் தரைதான். செருப்புகளைப் பார்த்து வழிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவரின் தொடையை யாரோ கட்டிப்பிடித்தார்கள்.

குனிந்து பார்த்தார். ஒரு சின்னப் பெண். கரடியின் காலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, "போகாத, போகாத," என்றாள்.

ஆட்சேபணையார் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் மேஜைக்கு எதிரே வந்த ஒரு ஜீவன்கூட அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது கிடையாது. வீட்டில் பிள்ளைகள்கூட அவர் வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் கரடியின் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். உள்ளே ஆட்சேபணையார் அழுதார். சத்தம் வராமல் அழுதார், சட்டம் அப்படி. எப்படியாவது இந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்று அப்போதுதான் நிஜமாக ஆசைப்பட்டார்.

திரும்பி வந்தால் தையல்காரம்மா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். "விடாம அடிக்கறாங்க. யாருக்கோ சீரியஸாம்ல?"

மறுபடியும் கேஷியர். "இப்ப எப்படி சார் இருக்கு? ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வேலையே ஓடல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, கெளம்பி வந்துடறோம்."

ஆட்சேபணையார் யோசித்தார். விழுந்த மாமியாரை வந்து பார்ப்பார்கள். ஐசியூ மாமியாரை வாசலில் நின்றாவது விசாரிப்பார்கள். இதற்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான் உண்டு.

"போயிட்டாங்க," என்றார்.

"அப்ப ஆபீஸைப் பூட்டிடலாமா சார்?"

"எங்க மாமியாருக்கா ஆபீஸ் லீவு?"

"உங்க துக்கம் எங்க துக்கம் இல்லியா? எல்லாரும் ஒடஞ்சு போயிட்டாங்க சார். இனிமே யாரு உக்காந்து வேலை பாக்கப் போறா? நான் மேனேஜருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

கேஷியரின் குரலில் ஜலதோஷம் இருந்தது, துக்கம்தான் தேடினாலும் கிடைக்கவில்லை. அதை ஆராய நேரமில்லாமல் மாஸ்டர் விசில் அடித்துவிட்டார்.

கடைசிப் பரீட்சை ஜோடிப் பரீட்சை. கரடிக்கு முயல் ஜோடி. இரண்டும் பேசாமல் சண்டை போட்டு, பேசாமல் சமாதானம் ஆக வேண்டும். முயல் தாமதமாக வந்தது. வந்ததும் வராததுமாக, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நீ அங்கே நில் என்று கரடிக்கு விரல் காட்டியது. ஆட்சேபணையாருக்கு அந்த முயலைப் பார்த்த நிமிஷமே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

விசில் ஊதியதும் கரடி, முயலின் காதைப் பிடித்து இழுத்து, மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தது. முயல் சளைக்கவில்லை. கரடியின் பின்பக்கத்தில் ஓர் உதை விட்டது. கரடி முயலைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, வாலைப் பிடித்துத் திருகியது. சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பிரமாதம்! நிஜமாவே பிடிக்காத மாதிரியே பண்றீங்களே!" மாஸ்டருக்கு ஒரே குஷி. "சமாதானம் எங்க? சமாதானம் ஆகுங்க!"

சமாதானம்தான் சுமாராக வந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு திரை மறைப்புக்கு வந்தால் மறுபடியும் போன். இந்தத் தடவை வீட்டிலிருந்து. மனைவி இல்லை, மாமியார்.

"மாப்ள, வாசல்ல ஒருத்தன் மலர்வளையத்தோட நிக்கறான். உங்க ஆபீஸ்ல போன் பண்ணிச் சொன்னாங்களாம். யாருக்குப்பான்னு கேட்டா, என் பேரைச் சொல்றான்."

"அத்தை... அது வந்து..."

"நான்தான் அதுன்னு சொன்னேன். பய வளையத்தப் போட்டுட்டு ஓடறான். என்ன விஷயம்?"

ஆட்சேபணையாருக்கு வேறு வழியில்லை. கம்பெனி, மேனேஜர், கரடி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இந்த வேலை கெடைக்குமா மாப்ள?"

"கெடைக்கும்போலத்தான் இருக்கு அத்தை. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு."

"உங்களுக்கு ஒண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லி நான் இன்னைக்குத்தான் கேக்கறேன். சரி, நான் இன்னும் சாப்பிடல. சாப்பிட்டுட்டு செத்துக்கறேன். நீங்க கவலப்படாம ஆடுங்க."

இந்த அம்மாளையா காலையில் வழுக்கி விழ வைத்தோம் என்று ஆட்சேபணையாருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரம் வந்தது. மிருகங்கள் எல்லாம் பெரிய கூடத்துக்குள் வந்து சுவரோரமாக வரிசையில் நின்றன. தையல்காரம்மா சக்கரம் வைத்த கம்பித் தாங்கி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் தலையைக் கழட்டி இதுல மாட்டுங்க. உள்ள காத்தாடணும். சாயங்காலந்தான் யாரு பாஸுன்னு சொல்லுவாங்க."

வாசல் பக்கம் நின்றது கரடியும் முயலும்தான். இரண்டும் ஒரே சமயத்தில் தலையைக் கழற்றின.

முயலின் கழுத்துக்கு மேலே மேனேஜர் இருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவரவர் தலையை அவரவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். ஓடுவதற்குக் கால் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பாதங்களோடு ஓட முடியாது. மேனேஜர்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமியார் தவறிட்டாங்கன்னு கேஷியர் சொன்னார். ரொம்ப வருத்தம்."

"ரொம்ப நன்றி சார். ஹெட் ஆபீஸ் மீட்டிங் எப்படி சார் போகுது?"

"போயிட்டிருக்கு."

மேனேஜர் தன் மண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"மண்டையில வச்சீங்களே, அடி கொஞ்சம் பலம்," என்றார் மேனேஜர்.

"மன்னிச்சுக்கோங்க சார். முயல்னு நெனச்சு அடிச்சிட்டேன்."

"நானும் கரடின்னு நெனச்சுத்தான் ஒதச்சேன்." மேனேஜர் முயல் காதைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "குறைக்கப் போற ஆளுங்கள்ல மொத ஆளே நான்தான்யா. ஹெட் ஆபீஸ்ல போன மாசமே சொல்லிட்டாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு, என்ன பண்ணச் சொல்றீங்க?"

ஆட்சேபணையாருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக எழுத ஓர் ஆட்சேபணையும் கிடைக்கவில்லை. மேனேஜரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாலைத் திருகியதற்கு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் சார்."

"விடாதீங்க. ஆபீஸ்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. பாவம், வெகுளிப் பசங்க. துரோகிங்கிற வார்த்தைய நான் அன்னைக்குச் சொன்னப்ப எப்படி நடுங்கிப் போய் நின்னாங்க! இந்நேரம் ஆபீஸைப் பூட்டிட்டு, வீட்டுல உக்காந்து உங்க மாமியாரை நெனச்சு அழுதுட்டிருப்பாங்க."

"ஆமா சார். கேஷியர் ரொம்ப ஒடஞ்சு போயிட்டார்."

இரண்டு பேரும் தங்கள் தலைகளைத் தாங்கியில் மாட்டினார்கள். தாங்கியில் அந்த இரண்டைத் தவிர வேறு தலை இல்லை. தையல்காரம்மா சுவரோரம் போய், ஒவ்வொரு மிருகத்தின் முன்னாலும் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து இடுப்பில் கைவைத்தாள்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் யாருங்க? உங்க மூஞ்சியைப் பாத்ததுலேருந்து மிச்சம் இருக்கிற ஒருத்தரும் தலையைக் கழட்ட மாட்டேங்கறாங்களே!"