மாடி, நடுவீடு, கீழ்வீடு: என் கைகளுக்கு ஓர் இடம் கேட்டு

அத்தை, பெரிய செய்தி, உட்கார்ந்துகொண்டு படியுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அறுபது கிலோமீட்டர் குழு சவாரிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன், இப்போது அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை!

அன்பும் மதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்து, உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நீங்கள் கொடுத்த ரேஸ் சைக்கிள் மூவரும் சுகம். என் இடது சுண்டுவிரல் மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் முழங்கால் எப்படி? இரண்டு நிமிடத்தைத் தாண்டும் குரல் செய்தியைக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். என்னுடையது பதினேழு நிமிடம். அதனால்தான் தாளில்.

விஷயம் இதுதான். கையை எங்கே வைப்பது? உங்கள் ஹேண்டில்பாரில் மூன்று இடம் இருக்கிறது. மேலே நேர்க்கம்பி, அதற்கு மாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். பிரேக் பிடியின் மேல்மேடு நடுவீடு. கீழே ஆட்டுக்கொம்பு மாதிரி வளைகிறதே, அது கீழ்வீடு. நாற்பத்தேழு வீடியோ பாத்துட்டேன் அத்தை. ஒருத்தர் நடுவீட்டை விட்டு நகராதேங்கறார். இன்னொருத்தர் ஒரே இடத்துல வெச்சா விரல் மரத்துடும், மாத்திக்கிட்டே இருங்கறார். முதல் ஆள் பேச்சைக் கேட்டு ரெண்டு நாள் நகராம ஓட்டினேன், நிஜமாவே சுண்டுவிரல் மரத்துப்போச்சு. மறுநாள் நான் வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடைல ஒரு பெரியவரோட ஃபிரேமுக்கு ஸ்க்ரூ போடறேன், எள்ளளவு ஸ்க்ரூ, நழுவி அவர் சட்டைப் பைக்குள்ள விழுந்துடுச்சு. "என்னம்மா, இலவச இணைப்பா?"ன்னார். முதலாளி சிரிக்கல.

சரி, ரெண்டாவது ஆள்தான் தெய்வம்னு முடிவு பண்ணி, மூணு வீட்டுக்கும் மூணு கலர் டேப் ஒட்டி, போன்ல ஏழு நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வெச்சேன். அடிச்சா வீடு மாத்தணும். ரொம்ப ஒழுக்கமா போய்க்கிட்டிருந்தது, கடைத்தெரு முனை வரைக்கும். அங்க திரும்பறேன், அலாரம் அடிக்குது, முறைப்படி மாடிக்குப் போறேன், மாடில பிரேக் இல்லைங்கறது அப்பதான் ஞாபகம் வருது! நேரா மெத்தைக் கடை வாசல்ல விரிச்சு வெச்சிருந்த டபுள் காட் மெத்தை மேல ஏறிட்டேன். அடி ஒண்ணுமில்ல, நல்ல மெத்தை. கடைக்காரர் வந்து பாத்துட்டு, "வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்துதான் பாப்பாங்க, சைக்கிளோட ஏறிப் பாத்தது நீதாம்மா"ன்னார். டயர் தடம் துடைச்சுக் குடுத்துட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை கடைசில மூணு கிலோமீட்டர் இறக்கம் இருக்கு. குழுக் கேப்டன், உங்ககூட ஓட்டினவர்தானே, அவர் கண்டிப்பா சொல்லிட்டார்: "இறக்கத்துல கை கீழ இருக்கணும், பிரேக் அங்கதான் முழுசாப் பிடிபடும். மேல கை வெச்சுக்கிட்டு வந்தா, பின்னாடி பழம் ஏத்திக்கிட்டு வர்ற வேன்ல ஏத்திடுவேன், வாழைப்பழத்தோட." நான் கீழ்வீட்டுக்குப் போனாலே தலை முன்சக்கரத்துகிட்ட ரகசியம் பேசப்போற மாதிரி இருக்கு, அத்தை. வாழைப்பழத்தோட இறங்கினா உங்க சைக்கிளுக்கே அவமானம். ஆன்லைன்ல ஓட்டெடுப்பு வெச்சேன், இருநூத்திப் பதினாலு பேர் போட்டாங்க, மூணு வீட்டுக்கும் கிட்டத்தட்ட சமமா. பன்னெண்டு பேர் "கையை விட்டுட்டு ஓட்டு"ன்னு எழுதியிருக்காங்க. அவங்களை பிளாக் பண்ணிட்டேன்.

அதனால தயவுசெஞ்சு நீங்களே கேப்டனைக் கூப்பிட்டு, என் பெயரை எடுத்துவிடும்படி சொல்லிவிடுங்கள். உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், முடிந்தால் வியாழக்கிழமைக்குள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
(சுண்டுவிரல் நீங்கலாக)

பி.கு: தபாலாபீஸ் கவுண்டர்ல நின்னு எழுதறேன், எழுத்தை மன்னிச்சிடுங்க. கேப்டனைக் கூப்பிடாதீங்க! இப்ப சைக்கிள்லதான் வந்தேன். போனை வீட்லயே மறந்துட்டேன், அலாரம் இல்ல. தண்ணித்தொட்டிச் சரிவுல வேகமா இறங்கறேன், ஒரு நாய் குறுக்க வந்து நடுரோட்ல உக்காந்து காதைச் சொறியுது. கத்தக்கூட இல்ல நான். நாய்க்கு ஒரு முழம் முன்னாடி நின்னுட்டேன். அப்புறம் குனிஞ்சு பாத்தா ரெண்டு கையும் கீழ்வீட்ல இருக்கு, அத்தை, நாலஞ்சு வருஷமா வாடகைக்கு இருக்கற மாதிரி! எப்பப் போச்சுன்னே தெரியல. சுண்டுவிரல்கூட மரக்கல. டேப்பை அங்கயே நின்னு உரிச்சுட்டேன்.

சைக்கிள் ஓட்டற எல்லார்கிட்டயும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்க. கையை எங்க வைக்கறீங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க, யாராவது யோசிக்காம பதில் சொல்றாங்களான்னு பாக்கலாம். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கிட்டு இறக்கத்து அடில வந்து நில்லுங்க. என்னைப் பாத்ததும் கை ஆட்டுங்க. நான் திருப்பி ஆட்டமாட்டேன், கோவிச்சுக்காதீங்க.