இறைச்சிக்கடைக்குக் கிரேக்கப் பலகை

லா சப்பல், பாரிஸ்
கார்த்திகை 2013

பேரன்புள்ள பெரியண்ணைக்கு, தம்பி குகதாசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இஞ்சை எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நோவும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாங்கள் இருவரும் காசு போட்ட கடையைத் திறந்தாயிற்று. பலசரக்குக் கடை அல்ல, இறைச்சிக்கடை. கோபப்பட முன்னம் முழுவதையும் வாசியுங்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் பலசரக்கு வாசலுக்கு வாசல் கிடக்கிறது, நல்ல ஆட்டிறைச்சிக்கோ சனம் ரயிலேறிப் போகிறது, இதைப் பார்த்துக்கொண்டு வியாபாரி சும்மா இருப்பானா? ஆனால் என் மனிசி யோகராணி, "குருக்கள் ஐயா வந்து பூசை செய்யாமல் நான் கல்லாவிலை இருக்கமாட்டன்" என்றுவிட்டாள். அவள் இல்லாமல் கடை ஓடாது. இறைச்சிக்கடை என்றால் குருக்கள் வரமாட்டார். அதனால் கடைப் பெயர்ப்பலகையைக் கிரேக்கத்தில் எழுதுவித்தேன். எங்கள் மகள் நிரோஜினி பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் படிக்கிறாளே, இறைச்சிக்குக் 'கிரேயாஸ்' என்று அவள்தான் சொன்னாள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எங்கள் அஃறிணை மாதிரியாம். பன்மையில் 'கிரேயா'வாம். சரக்குக் கூடினால் சொல் குறைகிற பாஷை! பலகைக்காரன் எழுத்தை எண்ணிக் காசு வாங்குகிறவன், ஆகவே பன்மையையே எழுதச் சொன்னேன்.

இறைச்சி இறக்க முன்னம் குருக்கள் வந்தார், கும்பம் வைத்தார், கற்பூரத் தட்டை எடுத்தவர், "வடிவான பேர், என்ன கருத்து?" என்றார். நான் "அது ஐயா, ஐசுவரியம் மாதிரி..." என்று இழுக்க, படித்த பிள்ளை விடுமோ? "இல்லை ஐயா, பிரெஞ்சிலை வேகாத பச்சையைச் சொல்லுற 'க்ரூ'வும் இதுவும் ஒரே வேர். சமஸ்கிருதத்திலை கிரவ்யம்."

"கிரவ்யமோ! பச்சை இறைச்சியெல்லோ! பிணம் தின்னுற நெருப்புக்குக் கிரவ்யாதன் எண்டு பேர். இதுக்கோ காணும் என்னைக் கூப்பிட்டனீர்?"

யோகராணி பார்த்த பார்வையில் நான் குளிர்பெட்டிக்குள் போயிருக்கலாம். "ஐயா, தின்னுற சனத்துக்குச் சுத்தமாக் குடுக்கிறன். நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ" என்றேன். யோசித்தார். "வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் விக்கப்படாது. மற்ற விரத நாளுகளையும் பாத்துச் சொல்லுறன்."

"ஓம் ஐயா!"

கற்பூரம் எரிந்தது, யோகராணி கல்லாவில் இருந்தாள். வென்றுவிட்டேன் அண்ணை. உங்கள் பங்கைத் திருப்பிக் கேட்காதீர்கள். முருகன் உங்கள் வீட்டையும் எங்கள் கடையையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும்.

அன்புத் தம்பி,
குகதாசன்

பி.கு: கடிதம் போடச் சில கிழமை பிந்திவிட்டது. இதற்கிடையில் குருக்கள் விரத நாட்களைச் சொன்னார். வெள்ளி, செவ்வாய், சட்டி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமிப் பறுவம், புரட்டாதிச் சனி, இன்னும் மூச்சு வாங்கிச் சொன்னார். யோகராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த நாட்களில் இறைச்சிப் பெட்டியைப் பூட்டி, வாசலில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வைத்தால் பறந்து போகிறது. ஆகவே நான் திறந்தது மரக்கறிக்கடை, இடைக்கிடை இறைச்சி. யோகராணியோடு பேசி முடித்தது இதுதான்: மரக்கறி லாபம் உங்களுக்கும் எனக்கும் சரிபாதி, மச்சம் விற்ற பாவம் உங்கள் பேரில் படாதபடி இறைச்சி லாபம் முழுவதும் எனக்கு, கடை வாடகை மரக்கறிக் கணக்கில்.