பேத்தியிடம் நான் தோற்ற விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் தலைகுனிந்தபடி சொல்லி, எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இப்போது இறங்கியிருக்கிறது. மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உங்களுக்கு. விஷயம் கொஞ்சம் கூச்சமானது. தையல்காரம்மாவே இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

லாரி ஓட்டின காலத்தில் சரக்கு ஏற்றின இடத்தில் ஒரு தடவை, இறக்கின இடத்தில் ஒரு தடவை, நடுவில் ஒண்ணுக்கு ஒதுங்கினதே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தன்று சாப்பிடும்போது நான் அதைச் சொல்லப்போய் உங்கள் அப்பா பாதியில் எழுந்துபோனதும் எனக்கு மறக்கவில்லை, அதையே பேத்தியிடமும் பேசித் தொலைத்தேன். பள்ளிக்கூடக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, போகப் பிடிக்கவில்லை என்றாள். டீச்சரைப் போய்க் கேட்கத் துப்பில்லாமல், "தாத்தா மாதிரி அடக்கிக்கோ, யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம்" என்றேன். ஜெயித்தாள். தினமும் ஜெயித்தாள், நானும் கை தட்டினேன். அப்புறம் கவுன் நனைய ஆரம்பித்தது, எரிகிறது என்று அழுதாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள், உடம்பு அனலாய்க் கொதித்தது, தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போவ கண்ணு?" என்றார் டாக்டரம்மா.

"எழுந்ததும், படுக்கும்போதும். நடுவுல போனா தோத்துடுவேன்."

"யாருகிட்ட?"

விரல் என் பக்கம் நீண்டது.

"கொழந்த என்ன லாரியா பெரியவரே?" என்றார். நர்சு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

சோதித்துப் பார்த்துத்தான் மருந்து என்று, சிறுநீர் பிடித்துத் தரச் சின்ன டப்பா ஒன்று கொடுத்தார்கள். "தாத்தா மொதல்ல போகட்டும்" என்று பேத்தி பிடிவாதம். கெஞ்சினேன், அசையவில்லை. கடைசியில் வரிசையில் இருந்த அத்தனை தாய்மார் பார்க்கக் கழிவறைக்குப் போய்வந்து, "தாத்தா தோத்துட்டேன்" என்றேன். "கேக்கல" என்றாள். கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம்தான் டப்பா நிறைந்தது.

சிறுநீரில் கிருமியாம். அடக்கி அடக்கியே வந்ததாம், இன்னும் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கே கேடாம். மருந்தை முழுதும் முடிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை போய் உட்கார வேண்டும். தாழ்ப்பாளை நானே வாங்கிப்போய் அடித்துவிட்டேன்.

நம்பி ஒப்படைத்த குழந்தையை இந்த லட்சணத்தில் பார்த்துக்கொண்டேன். இதற்கு நான் லாயக்கில்லை. வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்களை வாழ்த்த வயது இருக்கிறது, முகம்தான் இல்லை. இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார் (பெருவிரல் ரேகை)

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். டாக்டரம்மா என்னையும் விசாரித்து, அந்த மணிக்கணக்கு எனக்கும் சேர்த்துத்தான் என்று குழந்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளுடைய துணிமணியைப் பெட்டியில் அடுக்கினேன், எடுத்து வெளியே போட்டுவிட்டாள். "நான் போயிட்டா உன்ன யாரு தாத்தா ஒண்ணுக்கு அனுப்புவா?" என்கிறாள். அவளை விட்டால் எனக்கு அந்த அதட்டல் போட யார் இருக்கிறார்கள். இதோ கழிவறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள், மற்றதை அப்புறம்