பாஸ் மூன்றும் என் பாக்கெட்டில்

'எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்று எங்கே எழுதியிருந்தாலும் நான் விழுந்துவிடுவேன். சாப்பாட்டுக் கடை என்றாலும் சரி, ரயில் பாஸ் என்றாலும் சரி. இது என் பலவீனம். ஒப்புக்கொள்கிறேன்.

நான் லாரி ஓட்டுகிறவன். முப்பது வருடமாகச் சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். ரயிலில் ஏறுவது வருடத்துக்கு நாலைந்து தடவை இருக்கும். படிப்பு ஆறாவதோடு நின்றது. பேச்சும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது.

என் மகள் பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். (பார்த்தது அவள். 'பார்த்தோம்' என்று சொல்வது வழக்கம்.) பையன் பெயர் கார்த்தி. சொந்த ஊர் திருச்சி. இங்கே சுவா சூ காங்கில், எங்களுக்கு அடுத்த அடுக்குமாடி புளோக்கில்தான் இருந்தார். அவருடைய அப்பா அம்மாவுக்குச் சிங்கப்பூர்ப் பெண் என்றதும் கொஞ்சம் தயக்கம். நேரில் வந்து எங்களோடு மூன்று நாள் பழகுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் கோயில் பக்கத்து மண்டபத்தில் தட்டு மாற்றுவது. பன்னிரண்டு மணிக்குள் மாற்றிவிட வேண்டும். அதற்குமேல் எமகண்டம். தவறினால் அடுத்த நல்ல நாள் மூன்று மாதம் கழித்துத்தான். தயக்கத்தோடு வருகிறவர்களை மூன்று மாதம் யோசிக்க விட்டால் என்ன ஆகும் என்று என் மனைவி செல்விக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்று நாளும் அவர்களைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. லாரியில் ஏற்றலாமா என்று கேட்டேன். செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, சாதா கார்டு வாங்கி காசு போட்டுக் குடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப்தான் போவாங்க லா. பாஸ் எல்லாம் வேஸ்ட்" என்றாள் பிரியா. (பேச்சில் 'லா' சேர்ப்பது சிங்கப்பூர்ப் பழக்கம்.)

ரயில் நிலையக் கவுண்டரில் இருந்த பெண் மூன்று நாள் பாஸைக் காட்டினாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்றாள்.

"பஸ்ஸும் சேத்தியா?"

"ஆமா அங்கிள், பஸ்ஸும்தான்."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று, மூன்று பாஸ் வாங்கினேன். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே மாதிரி.

வாங்கியது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அன்றைக்கே ஒரு நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்பது வாங்கிய பிறகுதான் புரிந்தது. ஐந்து மணிக்கு ஒரு நாள் பாஸில் என்ன மிச்சம் இருக்கும்? அன்றைக்குத்தான் விமானத்தில் வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்த கார்த்தியின் அப்பா அம்மாவைக் கிளப்பினேன். எங்கள் பக்கம் ஒரு குட்டி ரயில் உண்டு. வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். அதில் ஏற்றினேன்.

"எங்கங்க போறோம்?" என்றார் கார்த்தியின் அம்மா.

"எங்கயும் இல்லங்க."

இரண்டு சுற்று போனோம்.

சனிக்கிழமை ஒன்பது தடவை ஏறி இறங்கினோம். அந்த அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. செல்வி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அவங்க ஊரப் பாக்க வந்தாங்களா, உங்க பாஸத் தேய்க்க வந்தாங்களா?"

(ஒன்பதில் நாலு அநாவசியம்தான்.)

சம்பந்தியை, அதாவது கார்த்தியின் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முப்பத்திநாலு வருடம். ஓய்வு பெற்ற பிறகும் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"டிக்கெட்டு பிரயாணி கையில இருக்கணுங்க. அதான் முறை."

"தொலஞ்சிருங்க. நான் வெச்சிருக்கேன்."

குடும்பமாகப் போனால் எல்லோருடைய டிக்கெட்டும் மூத்தவன் பையில் இருக்க வேண்டும் என்பது என் முறை. ஸ்டேஷன் கேட்டில் நான் நின்று, ஒவ்வொரு பாஸாக மெஷினில் தட்டி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, கடைசியில் நான் போவேன். வெளியே வரும்போதும் அப்படியே. பாஸ் மூன்றும் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். போனுக்கு சிம் வாங்க வேண்டும் என்றார்கள். நான் கூடவே இருக்கிறேனே, எதற்கு வீண்செலவு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்வி, பிரியா, கார்த்தி மூவரும் தட்டுகளோடு டாக்சியில் முன்னால் போனார்கள். எங்களையும் டாக்சியில் வரச் சொன்னாள் செல்வி. இன்றைக்கும் பாஸ் இருக்கிறதே என்றேன். சம்பந்தியும் ரயில்காரர். "ரயில்லயே போலாம்மா" என்றார். செல்வி டாக்சிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. ஒரே நிறுத்தம். அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை. ரயில் வந்தது. நல்ல கூட்டம். அவர்கள் இருவரையும் முதலில் ஏற்றினேன். பட்டுப்புடவை கதவில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டேன். கதவு மூடும் மணி அடித்தது. மணி அடித்தால் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நான் எழுதியிருப்பதற்குக் கட்டுப்படுகிறவன். பின்னால் நகர்ந்தேன்.

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. இந்தப் பக்கம் நான், என் பாக்கெட்டில் மூன்று பாஸ்.

'அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்' என்று கையைக் காட்டினேன். அவர் பார்த்தது என் கையை அல்ல, என் பாக்கெட்டை. ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் லிட்டில் இந்தியா போய் இறங்கினேன். அவர்கள் இல்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. நின்றேன். இருபது நிமிடத்துக்கு மேல் நின்றேன்.

பதினொரு மணிக்குச் செல்வி போன் செய்தாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அவள் கத்தினால் பயப்பட மாட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"லிட்டில் இந்தியா ஸ்டேஷன்."

"சம்பந்தி எங்க?"

நான் நடைமேடையை மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

"பொங்கோல்ல இருக்காங்க. கடைசி ஸ்டேஷன். அங்க உள்ள ஆபீசர் இப்பத்தான் எனக்குப் போன் பண்ணாங்க."

நடந்தது இதுதான். லிட்டில் இந்தியாவில் அந்த அம்மா இறங்கப் பார்த்திருக்கிறார். சம்பந்தி விடவில்லை. டிக்கெட் இல்லாமல் இறங்கினால் குற்றம் என்றிருக்கிறார். டிக்கெட் வைத்திருப்பவர் வந்து சேரும்வரை அசையக்கூடாது. ரயில் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி. சம்பந்தி நேராக அவரிடம் போய், "அம்மா, நான் டிக்கெட் இல்லாம வந்திருக்கேன். ஃபைன் போடுங்க" என்றிருக்கிறார்.

அதிகாரிக்குச் சிரிப்பு. பரவாயில்லை சார், அடுத்த ரயிலில் திரும்பிப் போங்கள் என்றிருக்கிறார். ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஒரு குற்றம் போதுமாம். கடைசியில் அந்த அம்மாதான் தன் போனில் இருந்த செல்வியின் எண்ணைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

பொங்கோலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. நடைமேடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி நிமிர்ந்து, கையை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். பிடிபட்டவர்களை அவர் அப்படித்தான் உட்கார வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பாஸை நீட்டினேன். வாங்கி முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்லங்க."

"ம்."

பாஸைத் திரும்ப என்னிடமே கொடுத்தார். (முறைப்படி அவர் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தில் முறை மறந்துவிட்டது போல.) நானும் பாக்கெட்டில் போட்டேன்.

திரும்பி லிட்டில் இந்தியா வந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். மண்டபத்துக்கு எட்டு நிமிட நடை. எஸ்கலேட்டரில் ஓடினோம். மேலே வந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே செல்வி நிற்கிறாள். கையில் தட்டு. பக்கத்தில் கார்த்தி, அவர்கள் வீட்டுத் தட்டோடு. பின்னால் பிரியா. அதற்குப் பின்னால் மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும்.

"ரெண்டு நிமிஷம்தான் இருக்கு! வாங்க!" என்றாள் செல்வி.

நான் ஒரு பாஸைத் தட்டினேன். அந்த அம்மா வெளியே போனார். அடுத்ததைத் தட்டினேன். சிவப்பு விளக்கு. கேட் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். சிவப்பு. அவசரத்தில் தட்டின பாஸையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை.

"அப்பா, வேற கார்டு! வேற கார்டு லா!" என்று பிரியா கத்தினாள்.

"ஒண்ணும் வேணாம். அங்கயே நில்லுங்க" என்றாள் செல்வி.

தட்டை கேட்டுக்குமேல் நீட்டினாள். பெண் வீட்டுத் தட்டில் ஒரு பக்கம் செல்வி வெளியே, மறு பக்கம் நான் உள்ளே. மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் அந்த அம்மா வெளியே, சம்பந்தி உள்ளே. பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. பின்னால் வரிசையில் நின்ற, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் கை தட்டினார்கள். வெற்றிலை இரண்டு கேட்டுக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு நிலைய அதிகாரி வந்து பக்கவாட்டுக் கேட்டைத் திறந்தார். சம்பந்தி அதன் வழியாக வர மறுத்துவிட்டார். சரியான பாஸை நான் தேடி எடுத்துத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தார்.

கல்யாணம் முடிந்து இப்போது பேத்தியும் இருக்கிறாள். எங்கள் இரண்டு வீட்டிலும் யார் எங்கே கிளம்பினாலும் முதலில் என் சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். என் பாஸ்போர்ட்டைக்கூடச் செல்விதான் வைத்திருக்கிறாள்.

அன்றைக்குப் பிரியாவின் தோழி ஒருத்தி படம் எடுத்திருந்தாள். சம்பந்தி அதைப் பெரிதாக்கித் திருச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள், "இது எந்தக் கோயில்ங்க, இப்படிக் கம்பி போட்டிருக்கு?" என்று கேட்பார்களாம்.

"கோயில் இல்லீங்க. முப்பத்திநாலு வருஷம் நான் எத்தனையோ பேரப் பிடிச்சேன். என்னைய மாட்டிவிட்டது இந்த ஒருத்தர்தான்" என்று படத்தில் என்னைத் தொட்டுக் காட்டுவாராம்.

போன தடவை திருச்சிக்குப் போனபோது நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்திகூட. நான் மட்டும் குனிந்திருக்கிறேன். ஒரு கை தட்டில். இன்னொரு கை பாக்கெட்டுக்குள்.