தட்டிக் கழித்த சனிக்கிழமை

இந்த வருஷம் என் மச்சான் கோர்டியின் படகுத்துறையைத் தொடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஆதரவு ஒரு ஓட்டு. எதிர்ப்பு இல்லை. ஏனென்றால் என் மனைவி மார்லிஸிடம் சொல்லவில்லை.

எங்கள் மினசோட்டாவில் ஏரி உறைவதற்கு முன், பனிக்கட்டி நொறுக்கிவிடாமல், பலகைப் படகுத்துறையைக் கழற்றிக் கரையில் போட்டுவிடுவோம். மே மாதம் மறுபடி தண்ணீருக்குள் இழுத்துப் போய்ப் பூட்ட வேண்டும். ஒரு முனையைக் கோர்டி பிடிப்பான். மறு முனை கல்யாணமான நாளிலிருந்து என் தலையில். பனிக்கட்டி இப்போதுதான் உருகிய தண்ணீர் அது. இறங்கினால் இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஆகவே துறையைப் பூட்ட வேண்டிய அந்தச் சனிக்கிழமை காலை கண் விழித்ததும், "அம்மா!" என்று அலறினேன்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு, மார்லிஸ்!"

"எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. "எல்லாப் பக்கமும்."

"அப்போ அந்த முனையை யாரு பிடிக்கிறது?"

"கோர்டிக்குப் பக்கத்து வீட்டுல ஆளா இல்ல?"

"சரி, நீங்க அசையாம படுங்க."

முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த முத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

அவள் கார் தெருமுனை திரும்பியது. என் முதுகு குணமாயிற்று. தட்டுகளை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் பறந்தேன்.

பறக்கும் தட்டு எறிவது ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியம் பிறந்ததே பையிலிருந்துதான். தூக்குகிற பை அல்ல, தின்கிற பை. அந்தக் காலத்துக் கல்லூரிப் பையன்கள் ஆப்பிள் பை என்ற பழப் பணியாரத்தைத் தின்றுவிட்டு, அதன் தகரத் தட்டை வீசி விளையாடினார்களாம். இப்போது பிளாஸ்டிக். விளிம்பில் கனம், நடுவில் மெலிசு. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் அதைப் போட வேண்டும். சுழற்சி இருக்கும்வரை தட்டு நேராகப் போகும். வலக்கைக்காரன் உடம்பைத் திருப்பி வீசினால், வேகம் குறைந்ததும் இடது பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் ஊர்க் காரில் ஓட்டுகிறவன் இடது பக்கம், மனைவி வலது பக்கம்; ஆகவே நான் மட்டும் வலது பக்கம் சாய்கிறவன்.

எங்கள் பூங்காவில் ஏழாவது கூடை ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நேராக வீசினால் மரம். வலது பக்கம் வீசினால் குளம். நான் குளத்தின் மேலேயே வீசினேன். மணிக்கட்டைக் கடைசி நொடியில் சுண்டினேன். தட்டு குளத்தைத் தாண்டி, மனம் மாறி, இடது பக்கம் வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்... ஜல்!

கூடைக்குள். ஒரே வீச்சில்!

கூடையில் தட்டு உண்டு, கைதட்ட ஆளில்லை. நான் ஆடினேன். தொப்பியைத் தூக்கி எறிந்தேன். கட்டிப்பிடிக்க யாரும் அகப்படாமல் குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வழக்கப்படி ஒரே வீச்சில் விழுந்த தட்டை மறுபடி எறியக் கூடாது. பார்த்தவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள், வீட்டுச் சுவரில் மாட்டுவோம். பார்த்தவர் இல்லையென்றால் அது வெறும் தட்டு.

வீட்டுக்கு வந்து அதை மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே படுத்து முனகினேன்.

சாயங்காலம் மார்லிஸ் தும்மிக்கொண்டே வந்தாள். தலைமுடி ஈரம்.

"பக்கத்து வீட்டுக்காரன் வரலையா?"

"அவருக்கும் முதுகாம். நான்தான் இறங்கினேன். இந்தாங்க, சூப்பு."

ஒரு கரண்டி குடித்தேன். உண்மையைச் சொல்லிவிடு என்றது மனசு. வாய் என்னவோ, "கொஞ்சம் உப்பு கம்மி," என்றது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

மறுநாள் கோர்டி சாப்பிட வந்தான். அவனும் தட்டெறிகிறவன்தான். மார்லிஸ் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"ஏன் கோர்டி, அந்த ஏழாங்கூடையில ஒரே வீச்சுல போட முடியுமா?"

"யாராலயும் முடியாது."

"இவரால?"

கோர்டிக்குப் புரையேறியது. "மாப்ளயாலயா? மாப்ள எறிஞ்சா தட்டு நேரா குளத்துக்குத்தான் குளிக்கப் போகும்!"

"ஆமா. பாவம், இவரால முடியாதுதான்," என்றாள் மார்லிஸ்.

பாவமா!

"நான் போட்டேன்! குளத்து மேல வீசி, மரத்தைச் சுத்தி, ஜல்லுனு போட்டேன்!"

"எப்ப?"

"நேத்து!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"நேத்து உங்களுக்கு முதுகு பிடிச்சிருந்துச்சே, மாப்ள," என்றான் கோர்டி. "சரி, யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல."

"அப்ப முதுகும் பொய், வீச்சும் பொய்."

இதுதான் அநியாயம். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டு பொய்யின் அவமானம்.

"வீச்சு நிஜம்," என்றாள் மார்லிஸ். "நான் பார்த்தேன்."

"நீயா?" என்றேன்.

"ஏரியில வழுக்கி விழுந்துட்டேன். மாத்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தா, கட்டில்ல வெந்நீர்ப் பை மட்டும் படுத்திருக்கு. திரும்பிப் போறப்ப பூங்காவுல இவரு. தட்டு வளைஞ்சு வந்தது அழகாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆடினாரு பாரு, முதுகு அதைவிட அழகா வளைஞ்சுது. குப்பைத்தொட்டியைக் கூடக் கட்டிப்பிடிச்சாரு. என்னை இப்படிக் கட்டிப்பிடிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

தலை நிமிரவில்லை எனக்கு. நான் ஆடியபோது இவள் நடுங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெட்கத்தில் அப்படியே மேசைக்கு அடியில் போய்விடலாம்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மார்லிஸ், அந்தத் தட்டுல சாட்சிக் கையெழுத்து..."

"போடறேனே. அக்டோபர்ல துறையைக் கழட்டுற அன்னிக்கு. தண்ணிக்குள்ள நீங்க. கரையில காபியோட நானும் கோர்டியும்."

"மறு முனையை யாரு பிடிக்கிறது?"

"பக்கத்து வீட்டுல ஆளா இல்ல?"

பக்கத்து வீட்டுக்காரனுக்கு அக்டோபரிலும் முதுகு. பலகை பலகையாக நானே கரையேற்றினேன். அன்று மாலை, சொன்ன சொல் தவறாமல், அழியாத மையில் கையெழுத்துப் போட்டாள். கூடத்தில் மாட்டலாம் என்றேன்.

"கட்டிலுக்கு எதிர்ல மாட்டலாங்க. கண் முழிச்சதும் பார்க்கலாமே."

அன்பு என்று நினைத்தேன். களைப்பில் படுத்துவிட்டேன், அவளே மாட்டினாள்.

மறுநாள் காலை கண் விழித்தேன். எழ முடியவில்லை. இடுப்பிலிருந்து பிடரிவரை இரும்பு. "அம்மா!" என்று அலறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நிஜ அலறல்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு, மார்லிஸ்! பிடிச்சுக்கிச்சு!"

அவள் சுவரைக் காட்டினாள். தட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: "வீச்சும் நிஜம். முதுகும் நன்றாக இருக்கிறது. நேரில் பார்த்த சாட்சி, மார்லிஸ்."