கொடிக்கயிற்றை மூன்றாகப் பிரித்துத் தர வேண்டி

மரியே வாழ்க

மரக்காணம்
13-5-1974, திங்கள்

மரியாதைக்குரிய அண்ணன் செல்வநாதன் அவர்களுக்கு, தம்பி சிலுவைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நாளது தேதியில் நம் வீட்டுப் பக்கம் சுகமாயிருப்பது அடுத்த வீட்டுக் குப்பம்மாளின் ஆடு ஒன்றுதான். அரக்கோணத்தில் தங்கள் சுகத்தையும், ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்ணீர் உப்பா நல்லதா என்பதையும் அறிய ஆவல். தண்ணீரை ஏன் கேட்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் லீவு போட்டு வந்து, நம் வீட்டையும் கிணற்றையும் துவைக்கிற கல்லையும் கொடிக்கயிற்றையும் மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அப்பா போன பிறகு இத்தனை வருஷம் அண்ணன் தம்பி மூவர் குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். தாங்கள் வேலைக்காக அரக்கோணம் போன பிறகும் அண்ணியும் பிள்ளைகளும் இங்கேதான். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அத்தனையும் என் மகள் ஜெயமேரியின் இடுப்புத்துணியில் வந்து முடிந்துவிட்டது.

போன மாதம் உப்புக் கம்பெனி ஆபீசில் என்னை ஹெட்கிளார்க் ஆக்கினார்கள் அல்லவா, சரியாக அதே வாரம், ஐந்து மாதக் குழந்தையின் கன்னத்திலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. என் உத்தியோகம் யாருக்குப் பொறுக்கவில்லை என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். கம்பவுண்டர் பக்தவச்சலம் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சோப்பு சேரவில்லை, துணி துவைக்கிறதை மாற்றுங்கள் என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். அண்ணா, நம் வீட்டில் பெண்கள் மூன்று, சோப்பும் மூன்று. அண்ணிக்கு மஞ்சள் பார் சோப்பு, நம் தண்ணீரில் அரை மணி தேய்த்தாலும் நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் அரை மணி தேய்ப்பார்கள். தம்பி சவரிராயன் பெண்சாதி ஞானமேரிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த நீலச் சோப்புத் தூள், ஒரு கரண்டி போட்டால் வாளியே காணாமல் போகிற அளவுக்கு நுரை. என் மனைவி அற்புதமேரிக்கு, கல்மேல் யார் எதை மறந்து வைத்துவிட்டுப் போகிறார்களோ அது.

நான் சும்மா இருப்பேனா. எந்த வாளி யாருக்கு, எந்த மணிக்கு யார் துணி என்று ஆபீஸ் மிஷினில் அட்டவணை அடித்துக் கிணற்றுச் சுவரில் ஒட்டினேன். மூன்று காப்பி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துக் கையெழுத்தும் கேட்டேன். அண்ணி கையெழுத்துப் போடவில்லை. "இந்தச் சோப்புலதான் தம்பி அஞ்சு புள்ளைங்களுக்குத் துவைச்சேன். கண்ணாலம் ஆவுற வரைக்கும் உனக்கும் நான்தான் துவைச்சேன். உனக்கு எங்கனா சிவந்துச்சா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஹெட்கிளார்க் ஆனவன் எடுத்த காரியத்தில் பின்வாங்கினால் நன்றாக இருக்குமா?

ஆகவே எல்லாச் சோப்புக்கும் தடை போட்டேன். குழந்தைத் துணியை வெறும் தண்ணீரில் அலசினால் போதும் என்று உத்தரவு. நம் கிணற்றுத் தண்ணீர் தங்களுக்குத் தெரியாததா, சுற்றிலும் உப்பளம், கிணறு மட்டும் இளநீரா தரும்? மத்தியானம் போய்ப் பார்த்தால் துணியெல்லாம் அப்பளமாக விறைத்து, சுவரில் சாய்த்து வைத்தால் நிற்கிறது, தட்டினால் உப்பு கொட்டுகிறது. கம்பெனியில் பதினெட்டு வருஷம் உப்பு பார்த்தவன் சொல்கிறேன், சரக்கு தரமானதுதான். அந்தத் தரம் குப்பம்மாளின் ஆட்டுக்கும் தெரிந்துவிட்டது. முதல் நாள் நக்கிவிட்டுப் போயிற்று, இரண்டாம் நாள் இன்னும் இரண்டு ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது, மூன்றாம் நாள் நான்கு இடுப்புத்துணிகளை முழுசாகத் தின்றுவிட்டது. நான் போய்க் கேட்டால், ஆட்டுக்கு வயிறு ஊதினால் யார் பொறுப்பு என்று குப்பம்மாள் என்னைக் கேட்கிறாள். எழுதிக் கொடுக்கச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மாதா கோயில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தேன். சவரிராயன்தான் பாவம், சைக்கிளில் இரண்டு தகர டின் கட்டிக்கொண்டு போனான். வரிசையில் நின்ற பொம்பளைகள், ஏம்பா இவ்வளவு தண்ணி எதுக்கு என்று கேட்க, இவன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். ஊர் குடிக்கிற தண்ணீரில் பீத்துணியா என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கையில் சாமியார், கல்யாண ஓலைகளுக்கு அடுத்தபடியாக இதையும் வாசித்தார். பெயர் சொல்லவில்லை, ஒரு ஹெட்கிளார்க் என்று மட்டும் சொன்னார். இந்தக் கோயில் பங்கில் ஹெட்கிளார்க் நான் ஒருவன்தான். அன்று முதல் சவரிராயன் என்னோடு பேசுவதில்லை.

கடைசியாக நான் போட்ட சட்டம், குழந்தையைத் தூக்குகிறவர்கள் முதலில் என்னிடம் கையை நீட்ட வேண்டும், நான் மோந்து பார்த்து அனுமதிப்பேன் என்பது. சனிக்கிழமை குழந்தை வீல் என்று அழுதது. அண்ணி கல்லிலிருந்து ஓடி வந்து குனிந்தார்கள். நான் குறுக்கே நின்று, "அண்ணி, கை" என்றேன். அவர்கள் தன் கையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இனிமே உம் புள்ளைய நான் தொடலை தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்று முதல் வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. அண்ணா, மறைக்காமல் எழுதுகிறேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

என் பங்குக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையை வாங்கித் தோளில் சாத்திக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் வேறு யார் சோப்பும் அண்டாமல் காவல். என் சட்டைகள் இந்தக் கிணற்றுப் பக்கமே வருவதில்லை, சலவைக்காரர் கொளஞ்சியிடம் தனியாகப் போய் உத்தியோகத்துக்குத் தக்க விறைப்போடு வருகின்றன. இவ்வளவு காவல் இருந்தும் விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கன்னம் இன்னும் சிவந்துபோகிறது என்றால், அந்தச் சோப்புகளின் கொடுமையைத் தாங்களே ஊகிக்கலாம்.

எனவே கொடிக்கயிற்றில் கிழக்கு முனை எனக்கு வேண்டும். கடல்காற்று அங்கிருந்து வீசுவதால் மற்றவர்கள் சோப்பு வாடை எங்கள் துணிக்கு வராது. கல்லில் நடுப்பாகம். கிணற்றை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தாங்கள் ரயில்வேயில் இருப்பதால் தெரிந்திருக்கும். தங்களுக்கும் அங்கே தங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் மாதாவின் துணை என்றும் இருக்கட்டும்.

தங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
சிலுவைமுத்து, ஹெட்கிளார்க்

பின்குறிப்பு, 16-5-1974, வியாழன்: மேலே எழுதியதில் என் பெயரையும் ஊரையும் தவிர மற்றதைத் தள்ளிவிடவும். தாங்கள் பாகம் பிரிக்க வர வேண்டாம். இந்தக் கடிதத்தை முறையாக எழுத எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. ஆபீசிலிருந்து நேரே மேஜைக்குப் போய்விட்டதால் மூன்று நாளும் குழந்தையைத் தூக்கவில்லை. இன்று அற்புதமேரி குழந்தையைக் கொண்டுபோய் அண்ணியிடம் காட்டியிருக்கிறாள். சிவப்பு சுத்தமாக இல்லை. அண்ணி ஆணியில் மாட்டியிருந்த என் ஆபீஸ் சட்டையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, கொளஞ்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "ஹெட்கிளார்க் ஆயிட்டேன், வெறைப்பா இருக்கணும்னு அவர்தானே சொன்னாரு. சோடா, பிளீச்சிங் பவுடர், கஞ்சி எல்லாம் ரெண்டு பங்கா போட்டேங்க" என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார்.

நான் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அண்ணி பிடுங்கிக்கொள்ள, மூன்று பெண்களும் சத்தமாகப் படித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இது அப்படியே அவருக்குப் போகணும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே அடுப்புதான் எரிகிறது. நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு இருக்கட்டும், முதலில் கையை நீட்டு என்று மோந்து பார்த்துவிட்டு, சட்டையையும் கழற்றச் சொல்லி, அதற்குப் பிறகுதான் குழந்தையைக் கொடுத்தார்கள். இப்போது என் வெறும் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எழுத ஒரு கைதான் இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.